அம்மை குத்தாத வீடு

எங்கள் ஜனக்புரி குடியிருப்பின் பூங்காவில் போன வாரம் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் ரத்தம் கெட்டுப்போகுமாம். போனில் வந்ததாம். "டாக்டருங்க கமிஷனுக்காகச் சொல்றாங்க ஆன்ட்டி, நம்பாதீங்க" என்று ஒருத்தி என்னிடமும் சொன்னாள். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் திறக்க வராது. அச்சா அச்சா என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது நாங்கள் லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அக்கா எட்டாவது, வகுப்பில் எப்போதும் அவள்தான் முதல். அடுத்த பிளாக்கில் பெரியப்பா. அமைச்சகத்தில் பெரிய வேலை. அவர் இருமினால்கூட அப்பா "ஆமாண்ணா" என்பார்.

ஊரில் பெரியம்மை பரவுகிறது, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மை குத்தப்போகிறார்கள் என்று சேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிந்து சுண்டல் கொடுக்கிற நேரம், பெரியப்பா எழுந்து நின்றார்.

"அந்த மருந்து என்ன தெரியுமா? கன்னுக்குட்டியோட சீழ்! அதையா நம்ம பிள்ளைங்க உடம்புல ஏத்துறது? அம்மைங்கிறது மாரியாத்தா விளையாட்டு. குறுக்கே ஊசியோட போனா சும்மா விடுவாளா?"

எல்லாரும் சுண்டல் கையோடு தலையாட்டினார்கள். அக்காவின் சயின்ஸ் டீச்சரும் அன்று வந்திருந்தார். குத்திக்கொண்டால் அம்மை அண்டாது என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பெரியப்பா சிரித்தார்.

"டீச்சரம்மா, வெள்ளைக்காரன் ஊசி வர்றதுக்கு முன்னாடி நம்ம ஜனங்க எல்லாம் செத்தா போயிட்டாங்க?"

"செத்தாங்க சார். நிறைய பேர் செத்தாங்க."

பிறகு பெரியப்பா, "டீச்சருக்குக் கோபம் வந்துடுச்சு, இன்னும் ரெண்டு கரண்டி சுண்டல் குடுங்கப்பா" என்றார். கொல்லென்று சிரிப்பு. பெரியப்பா ஜெயித்துவிட்டார் என்று நானும் கைதட்டினேன். அக்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பாவின் தோளில் இரண்டு வட்டத் தழும்புகள் உண்டு. சின்ன வயதில் அவருக்கு அம்மை குத்தியது. அவர் பனியனோடு உட்கார்ந்திருக்கும்போது அதில் விரல் வைத்து விளையாடியிருக்கிறேன். அதைப் பற்றி அன்று ஒருவரும் கேட்கவில்லை.

நாலைந்து பெற்றோர் போய்ப் பள்ளியில் சத்தம் போட்டதில், அம்மையைப் பற்றி வகுப்பில் பேசக்கூடாது என்று டீச்சருக்கு உத்தரவாயிற்று. குத்துகிற நாளன்று எங்கள் பிளாக் பிள்ளைகள் யாரையும் அனுப்பவில்லை.

"நான் மட்டும் போயிட்டு வரேனேப்பா" என்று அக்கா கெஞ்சினாள்.

"அப்புறம் பெரியப்பா மூஞ்சில எப்படிடி முழிப்பேன்?" என்றார் அப்பா.

வெயில் ஏறிய மாதத்தில் அக்காவுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள், டாக்டரைக் கூப்பிடவில்லை. எனக்கு ஏனோ வரவில்லை. முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று, ஜன்னல் வெயில் பாய் முழுக்க விழுந்திருக்க, "லைட்டைப் போடேன்டி" என்றாள் அக்கா.

பெரியப்பா வந்து பார்த்தார். "உயிரையாவது விட்டுவச்சாளே, அவ கருணை" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மாவும் அழுதுகொண்டே போட்டுக்கொண்டாள்.

கண் போனவளைக் கைபிடித்துக் கூட்டிப்போக வீட்டில் ஒருத்தி வேண்டுமே என்று என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். மறுநாள் காலை, மற்ற பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போவதை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு உள்ளே ஓடினேன்.

"அக்கா, எனக்கு இனிமே ஸ்கூலே கிடையாதாம்! கணக்குப் பரீட்சைகூடக் கிடையாது!"

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் தெரியாததால் திசை தப்பிவிட்டாள் என்று நினைத்து, தோளைப் பிடித்து அவளை என் பக்கம் திருப்பி உட்காரவைத்தேன்.