மேடையில் என் கை, கூட்டத்தில் நான்

போன வாரம் நான் வேலை பார்க்கும் பெங்களூரு நைட் கிளப்புக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கெஸ்ட் டிஜே. மத்தியானம் ஸ்பீக்கரையெல்லாம் சரிபார்த்துவிட்டு, காபி வரும்வரை மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது — மனுஷன் டிரம்மர்!

ஆமாம் என்றார். எண்பதுகளில் பிரிட்டனில் சின்த் பாப் என்று ஒரு அலை அடித்ததே... பாட்டு முழுக்க கீபோர்டு, தாளத்துக்கும் மெஷின். அப்படி மாறிய ஒரு பேண்டில் முதலில் டிரம்ஸ் வாசித்தவராம். மெஷின் வாங்குவதற்கு முன்னால் பேண்டு நண்பர்கள் அவரைக் கூப்பிட்டு, வாங்கலாமா என்று கேட்டார்களாம். தாராளமாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு, நைட் கிளப்பில் ரெக்கார்டு போடக் கிளம்பிவிட்டாராம். இன்னமும் நல்ல சிநேகிதமாம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

நீங்களும் டிரம்மர்தானா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் சொல்ல என் இங்கிலீஷ் பத்தாது. உங்களிடம் தமிழில் சொல்கிறேன்.

நான் கொல்லிமலைக்காரன். தொண்ணூற்றேழு வாக்கில் நாமக்கல்லில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். கீபோர்டு வாசித்த மூர்த்தி அண்ணன்தான் குழுவுக்குத் தலைவர். ஃப்ளாப்பி போடுகிற புதுக் கீபோர்டு ஒன்று வாங்கியவர், என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். போனால், எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் கம்பளி தொங்குகிறது, டிரம்ஸுக்குப் பக்கத்தில் மைக். ஒவ்வொரு தாளத்தையும் தனித்தனியாக வாசிக்கச் சொன்னார். ஃப்ளாப்பியில் பிடித்து வைத்துக்கொண்டால், நான் வராத நாளில் ரிகர்சலுக்கு ஆகுமாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இது சரியாக விழவில்லை, இன்னொரு தடவை வாசிக்கிறேன் என்று நானே திரும்பத் திரும்ப வாசித்துக் கொடுத்தேன். ரெண்டு நாள்! என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அதுவும் சலித்து எடுத்த மண்.

அடுத்த மாசம் எங்கள் ஊரிலேயே கச்சேரி. வளப்பூர் நாட்டில் கோயில் திருவிழா; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வீட்டில் நான் குண்டானைத் தட்டிப் பழகியதைக் கேட்டதோடு சரி, எங்கப்பா என்னை மேடையில் பார்த்ததே இல்லை. பெரக்கரை நாட்டுச் சொந்தக்காரர்களையெல்லாம் வரவழைத்துவிட்டார். குழுவுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வாசிக்கிறவன் எந்த வீட்டுப் பையனோ, அந்த வீட்டில்தான் குழுவுக்கு இலை போடவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம்.

கச்சேரிக்கு முதல் நாள் மூர்த்தி அண்ணன் சொல்கிறார்... வேனில் இடமில்லை, இந்த ஒரு புரோகிராமுக்கு நீ வேண்டாம் என்று. ஊரைச் சொன்னேன், அப்பாவைச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். மறுநாள் காலையில் வேன் போய்விட்டது.

நானே கிளம்பினேன். மலைமேல் சோளக்காடு வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். வேறு எவனையோ வைத்து வாசிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இருட்டுமுன் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கவேண்டுமே என்று மத்தியானமே கச்சேரி. மேடையில் டிரம்ஸே இல்லை. மூர்த்தி அண்ணன் ஒரு பட்டனைத் தட்டினார். டக், டக், டக், டக்... பாட்டுக்கு முன்னால் நான் குச்சி தட்டி எண்ணுகிற சத்தம்!

அப்புறம் முழுக்க நான்தான். டிரம்ஸை உருட்டி முடித்ததும் அடுத்த அடி ஒரு மயிரிழை முந்தி விழுவது என் பழக்கம். பாடகர் அதற்காக என்னைத் திட்டாத நாளில்லை. அந்தத் தப்பும் அப்படியே விழுந்தது. அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை. மெஷினைத் திட்ட முடியுமா?

கூட்டத்தில் அப்பா என்னைக் கண்டுபிடித்து வந்தார். மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சத்தம் உன்ற கையாட்டம் இருக்குது... நீ இங்க நிக்கறயே கண்ணு?"

ரெக்கார்டு பண்ணியிருக்கிறார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும், இது என் மகன் வாசிப்பு என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருத்தரும் நம்பவில்லை.

முடிந்ததும் மூர்த்தி அண்ணன் வந்து தோளில் கை போட்டார்.

"உன்னைய ஆரு தம்பி உட்டுட்டு வந்தா? பூராவும் உன்ற வாசிப்புத்தானே."

பாராட்டாகத்தான் சொன்னார், பாவி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரமே பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டேன். ஏழு வருஷமாக, டிரம்மரே இல்லாத இங்கிலீஷ் பாட்டுகளைப் போட்டுப் பிழைக்கிறேன். அந்த வெள்ளைக்காரரைப் போல எனக்குச் சிரிக்க வரவில்லை. அவரைக் கேட்டார்கள். என்னை யார் கேட்டது?

மூர்த்தி அண்ணனோடு சண்டை போட்டாயா என்கிறீர்களா? எங்கே... வழக்கப்படி வீட்டில் இலை போட்டோம். நான்தான் பரிமாறினேன். குழம்பு பிரமாதம் என்றார். அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் போடு என்றார் அப்பா. போட்டேன். கடைசியில் என்னையும் உட்காரச் சொன்னார்கள். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் காட்டிய கோபம் அவ்வளவுதான்.

அதுவும் யார் மேல்? எங்கம்மா வைத்த கோழிக்குழம்பு மேல்!