மீட்டரக்காவின் எர்த் போல்ட்

பணிமனையில் எல்லோருக்கும் அவள் மீட்டரக்கா. சீட் உறை தைக்க வந்தவள். சீட்டுக்கு அடியில் ஓடிய வயர்களில் மனசைப் பறிகொடுத்து, பதினோரு வருடத்தில் கார் எலெக்ட்ரீஷியன் ஆகிவிட்டாள். கைப்பையை மறந்தாலும் வோல்ட் பார்க்கும் மீட்டரை மறக்க மாட்டாள்.

அன்று காலை அந்த வெள்ளை கார் மூன்றாம் முறையாகக் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. விபத்தில் நசுங்கி, பெயின்ட் அடித்து, அவள் கையால் வயரிங் முடித்துப் போன வண்டி. சாவியைத் திருப்பினால் முனகியது. விளக்கைப் போட்டால் அழுது வடிந்தது. இரண்டு பேட்டரி மாற்றியும் அதே கதை.

"தையல் மெஷினோட நின்னிருக்கலாம்ல? உனக்கெதுக்கும்மா வயரு?" முதலாளி கத்தினார். "இன்னிக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா நாளைலேர்ந்து வராதே."

அவள் ஆத்திரத்தோடு மீட்டரை உருவினாள். முதலாளி கத்தியதற்காகக்கூட அல்ல. பத்தடி தள்ளி, பெயின்ட் கன்னைத் துடைத்தபடி நின்ற பணிமனை பெயின்டர், அவள் கணவன், வாயே திறக்கவில்லை. 'அவ வேலையில தப்பிருக்காது' என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா?

"நீங்களே சாவியைத் திருப்புங்க முதலாளி."

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்தாள். அவர் திருப்பினார். அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாத எண் மூன்றைத் தொட்டது.

"கரண்ட் திரும்பி வர்ற வழி அடைச்சிருக்கு. எர்த் இல்ல."

தடித்த கேபிள் ஒன்றால் நெகட்டிவையும் எஞ்சினையும் நேராக இணைத்தாள். "இப்பத் திருப்புங்க."

ஒரே திருப்பு. எஞ்சின் உறுமியது.

வண்டியை நிறுத்தச் சொல்லி, பேட்டரியின் எர்த் கம்பி பாடியில் இறங்கும் போல்ட்டைக் கழற்றினாள். இரும்பு தெரியும்படி அவளே உப்புத்தாளால் தேய்த்துவிட்டிருந்த இடம். இப்போது அங்கே கரண்டை விடாத மூன்று கோட் வெள்ளை பெயின்ட், கண்ணாடி போல. அப்படி அடிக்க அந்த ஊரிலேயே ஒரு கைதான் உண்டு.

எல்லோரும் அவள் கணவனைப் பார்த்தார்கள்.

"தேய்ச்ச இடம் அசிங்கமா தெரிஞ்சுது," என்று அவன் முணுமுணுத்தான். "நீ வயரிங் முடிச்சப்புறம் கழட்டி, அடிச்சு, திரும்ப மாட்டிட்டேன். இதனாலன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"மூணு தடவை வண்டி திரும்பி வந்துச்சே, போல்ட்டைக் கழட்டினேன்னு சொல்ல வாயில்லையா? பானெட்டுக்குள்ள யாரும் பார்க்காத கீறலை உங்களால தாங்க முடியல. நான் ஊர் பார்க்க அசிங்கப்பட்டப்ப மட்டும் எப்படித் தாங்க முடிஞ்சுது?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரிம்மா, சண்டையை வீட்ல வச்சுக்குங்க. வேலையைப் பாரு."

"வயரிங்ல தப்பில்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம் பார்க்கிறேன்."

"வயரிங்ல தப்பில்ல," என்றார் சன்னமாக.

"கத்தினப்ப குரல் நல்லாத்தானே இருந்துச்சு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி உரக்கவே சொன்னார்.

அவள் உப்புத்தாளைக் கணவன் கையில் திணித்தாள். "தேயுங்க. இரும்பு தெரியற வரைக்கும்."

அவன் குனிந்து தன் பெயின்டைத் தானே சுரண்டினான். கண் கலங்கியது. பெயின்டுக்காகவா, பெண்டாட்டிக்காகவா என்று அவள் கேட்கவில்லை.

"ஓரத்துல இன்னும் வெள்ளை இருக்கு," என்றாள்.