புரட்டாசிச் சனிக்கிழமையன்று ஏறிய எண்

ரோஹிணியை நான் முதன்முதலில் சந்தித்தது 2022ஆம் ஆண்டு, ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் நகரியில் கத்திரி வெயில் உச்சத்திலிருந்த நாளில். திருப்பதியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணி என்றாள். சர்க்கரை நோயாளிகளின் கையில் ஒட்டப்படும் புதிய கருவியொன்று, இரத்தச் சர்க்கரையின் அளவை நாள் முழுவதும் கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை ஒட்டிக்கொண்டவர்களின் மனத்திலும் வீட்டிலும் என்ன மாறுகிறது என்பதே அவளுடைய ஆய்வு. ஓய்வுபெற்ற தமிழாசிரியையான என்னிடம், வீடுகளில் கேட்கப்போகும் வினாப்பட்டியலின் தமிழைத் திருத்தித் தரும்படி கேட்டு வந்திருந்தாள்.

நான் அவளை நம்பவில்லை. வீட்டில் யாருக்கு உங்கள்மேல் கோபம் என்றெல்லாம் அதில் வினாக்கள் இருந்தன. கருவி செய்பவர்களுக்கு எங்கள் வீட்டுக் கோபம் எதற்கு? திருத்திக் கொடுத்தேன். ஆனால் அவள் எந்த வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்று சன்னல் வழியே கவனித்துக்கொண்டேயிருந்தேன். நாராயணவனத்தருகே கூலிக் குடும்பத்தில் பிறந்ததாகவும், செவிக்கருவி, நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் என்று பதினோராண்டுகள் இதே ஆய்வைச் செய்துவருவதாகவும் சொன்னாள். அதிலும் பாதியைத்தான் நம்பினேன்.

எதிர்வீட்டுக் கல்பனா, விசைத்தறிக் குடும்பத்து மருமகள். அந்தக் கருவியை ஒட்டிக்கொண்டவள். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, பெருமாளுக்குத் தளிகை படைக்கும்வரை வீட்டில் எல்லாருக்கும் தண்ணீர் மட்டுமே. காலையில் சர்க்கரை இறங்கி அவளுக்குக் கை நடுங்கியது. ரோஹிணி சொல்லிக்கொடுத்திருந்தபடி, இரண்டு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டாள். வீட்டை ஒட்டிய தறியடியில் அவள் கணவன் சுரேஷ்பாபுவின் கைப்பேசியில் எண் ஏறியது. மாமியார் வரலட்சுமி அதைப் பார்த்துவிட்டார்.

"சாமிக்கு முன்னாடியே துன்னுட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி கோலம் போட்டுக்கினு கீறா பாரு."

தெருவே கேட்டது. கல்பனா கருவியைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தாள்.

கைப்பேசி விவரம் அப்போது தெரியாததால், ரோஹிணிதான் உளவு சொல்லியிருப்பாள் என்று எண்ணி, அடுத்தமுறை வந்தபோது நேராகவே கேட்டேன்.

"நான் சொல்லல டீச்சரம்மா, போன் சொல்லிச்சி. கல்பனாகிட்ட பட்டன் போன்தான் இருந்துச்சி, அதனால அவங்க வீட்டுக்காரர் போன்ல போட்டுட்டேன். அதை யார் யார் பாப்பாங்கன்னு யோசிக்கல. பதினோரு வருசமா இதைத்தானே படிச்சிக்கினு கீறேன், அப்பவும் தோணல."

தவற்றை ஒப்புக்கொள்வதும் ஒரு சாமர்த்தியமே என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் அறிக்கையின் அச்சுப்படியோடு வந்தாள். கல்பனாவின் பெயரை மாற்றி, தன் தவற்றை மறைக்காமல், அந்தச் சனிக்கிழமையைத் தனிப்பகுதியாகவே எழுதியிருந்தாள். அதை நீக்கினால்தான் அடுத்த ஆய்வு அவளுக்கு; இல்லையெனில் பணி அத்துடன் முடியும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். பெயரை மாற்றினாலும் எங்கள் தெருவுக்கு ஆள் தெரியுமே என்றேன்.

இன்று அவள் சித்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அறிக்கையில் அந்தப் பகுதி அப்படியே இருக்கிறது. அன்று புறப்படும்போது அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"இது இருக்கலாமான்னு நான் போய்க் கேட்டா கல்பனா பயந்துக்கினு சரின்னுடுவாங்க. நீங்க கேளுங்க, டீச்சரம்மா. வேணாம்னா நானே கிழிச்சிடறேன். சரின்னா, யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன்."