டாக்டரம்மாவிடம் அக்கா சொன்ன புகார்

யுத்த காலம், நாற்பதுகளின் ஆரம்பம். ஜெயமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியும் என் வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லை. அந்த வீட்டில் என்னை ஆட்டிவைத்தது மாமியார் இல்லை, என் கணவரின் அண்ணன் மனைவிதான். அக்கா என்று கூப்பிடுவேன். அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததே கிடையாது.

அப்போதெல்லாம் மாதவிலக்கு என்றால் தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் ஒதுங்கி இருக்க வேண்டும். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போவார்கள், யாரும் தொட மாட்டார்கள். அந்த முறை எனக்கு நாள் தள்ளிப்போனது. உண்டாகியிருப்போமோ என்று ஆசைப்படத் தொடங்கும்போதே லேசாகக் கறை பட்டுவிட்டது. அழுதுகொண்டே ஒதுங்கினேன். தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்த கொஞ்ச நாளிலேயே மறுபடியும் கறை, மறுபடியும் சாய்ப்பு. நடவு நேரம் வேறு. அக்காவுக்குப் பொறுக்குமா?

"வேலைக்கள்ளிக்குப் பிள்ளை மேல சாக்கும்பாக. ஒனக்கு அந்தச் சாக்கும் இல்ல, சாய்ப்புதான் சாக்கு" என்பாள். அடிவயிறு வலித்ததை நான் அவளிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பாள்.

சாய்ப்பில் இருந்த ஒருநாள் மத்தியானம் வயிற்றுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி வலி. எழுந்திருக்கப் பார்த்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. சோறு கொண்டுவந்த அக்கா கும்பாவைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தீட்டுடீ, தொடாத!" என்று மாமியார் கத்தினார்.

"தீட்டாவது மண்ணாங்கட்டியாவது! இவ கை சில்லுனு கெடக்கு. வண்டியப் பூட்டச் சொல்லுங்க அத்த!"

ஆஸ்பத்திரியில் இருந்தது மலையாளத்து டாக்டரம்மா. உண்டாகியிருக்கிறாளா என்று அவர் கேட்டதும், "இல்லம்மா, வீட்டுக்கு விலக்கா இருக்கா" என்றார் மாமியார். விலக்கு என்றால் பிள்ளை இல்லை என்பதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. அந்த நேரத்திலும் அக்காவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நல்லாக் கேளுங்க டாக்டரம்மா. போன மாசம் ஒதுங்கவே இல்ல. இப்ப ஒதுங்கி வந்த தண்ணி காயல, மறுபடியும் போய் ஒக்காந்துட்டா. தொவைக்கத் துணிகூட விழுகல. என்னமோ வேலைக்குப் பயந்து செய்றானு நெனச்சேன்."

டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். நாள் தள்ளிப்போய்ப் பிறகு லேசாகப் பட்டால் அது விலக்காகவே இல்லாமல், கரு தங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாமாம். என் பக்கம் குனிந்து, "தோள்பட்டை வலிக்குதா மோளே?" என்று கேட்டார். நோவது வயிறு, இவர் தோளைக் கேட்கிறாரே என்று இருந்தது. ஆனால் தோள் உண்மையிலேயே விண்ணென்று வலித்துக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் வலி தோளில் காட்டுமாம். ஊசி குத்தி இழுத்துப் பார்த்தார், உறையாத ரத்தம் வந்தது. கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கி வெடித்திருக்கிறது, உடனே வயிற்றைத் திறக்காவிட்டால் பிழைக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டார்.

திறந்து பார்த்தபோது, இப்படிக் கரு தங்கினால் வழக்கமாக இருக்கிற கருக்குழாயிலும் அது இல்லையாம். சினைப்பையிலேயே ஒட்டி வளர்ந்திருக்கிறது. இந்த மாதிரி ஒன்றைப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்று டாக்டரம்மாவே சொன்னார்.

நான் கண் விழித்தபோது அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் ஓய்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

வீடு திரும்பியதும் பிள்ளை பெற்றவளுக்குக் கிளறுகிற மருந்தை, சுக்கும் கருப்பட்டியும் போட்டு நல்லெண்ணெய் விட்டு எனக்குக் கிளறினாள். பிள்ளையே இல்லையே, இவளுக்கு எதற்குப் பிரசவ மருந்து என்று தெருவில் ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"பிள்ள தங்கல, பெத்தவ தங்கிட்டால்ல? போ அங்கிட்டு!" என்றாள் அக்கா.

அதுவரை யாருமே என்னைப் பெற்றவள் என்று சொன்னதில்லை. பின்னால் எனக்கு மகன் பிறந்து, அவன் வாய் நிறைய அம்மா என்று கூப்பிட்டான். ஆனாலும் என்னை முதன்முதலில் தாயாக்கியது அக்காதான் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.