மீசைக்காரர் ஏறிய மரம்

பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் பஸ் வாடிப்பட்டியில் நின்றுவிடுகிறது. அடுப்பு அணைந்துவிட்டதாம். எல்லோரும் இறங்க எழுகிறோம். என் பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாடகத்தில் ராஜபார்ட் போட்டவர், சினிமாவிலும் தலைகாட்டியவர், இப்போது சொந்தமாகப் பாட்டுக் கட்டி கிராமபோன் பிளேட்டில் பாடுகிறார்.

"என்ன ஆச்சுண்ணே?" என்கிறேன்.

"இந்த ஊரு மீசைக்காரரு சொந்தக் காளைக்குப் பயந்து வைக்கோல் படப்புல ஏறுனாரு. அதைப் பாட்டாக்கிட்டேன் தம்பி. பார்த்தா தோலை உரிச்சுருவாரு."

சொல்லி முடிக்கவில்லை, பெரிய மீசையொன்று ஜன்னலில் எட்டிப் பார்க்கிறது.

"கண்டக்டர் சொன்னாரு. அந்தப் பாட்டுக்காரர் நீங்கதானா?"

துண்டு மெல்ல இறங்குகிறது. "ஆமாண்ணே. மன்னிச்சிருங்க."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? பாட்டு அம்புட்டும் சரி. ஆனா நான் ஏறுனது படப்பு இல்ல, பனைமரம். படப்புல சின்னப் புள்ளகூட ஏறும். மாத்திப் பாடுங்க."

பாட்டுக்காரர் ஆர்மோனியத்தோடு கீழே இறங்கி, பனைமரத்தை வைத்தே பாடுகிறார். கூட்டத்தில் மீசைக்காரர்தான் உரக்கச் சிரிக்கிறார்.

பஸ் கிளம்பியதும் பாட்டுக்காரர் நீளமாக மூச்சு விடுகிறார்.

"மெட்டுக்கும் பனைமரந்தான் தம்பி தோதா இருக்கு."