கீழ்வீடு வேணும், ஒரே ஆள்

வீட்டு புரோக்கர் தொழில்ல மொதல்ல தேயுறது செருப்பு, அடுத்தது நாக்கு. வாடகை வீட்டுக்கு அலைஞ்சு நொந்துபோன உங்களுக்கு நான் புதுசா என்னத்தைச் சொல்ல? ஆனா எழுபத்திரண்டு வயசுல, ஒத்தை ஆளா அலைஞ்சிருக்கீங்களா?

கோமதி அக்கா அலைஞ்சாக. ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவுக. புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு, பிள்ளையும் இல்ல. குடியிருந்தது ரெண்டாவது மாடி. முட்டி தேஞ்சு போனதால பத்து நாளைக்கு ஒருக்கத்தான் இறங்குவாக. "முதியோர் இல்லத்துக்குப் போயிருங்களேன்க்கா"ன்னேன். முறைச்ச முறைப்புல வாயை மூடிக்கிட்டேன். கீழ்வீடு ஒண்ணு வேணும், அம்புட்டுதான்.

நோட்டீஸ்

மொத வீட்டு ஓனர் அக்காவை மேலயும் கீழயும் பார்த்தாரு. என்னையத் தனியாக் கூப்பிட்டு, ஆனா அக்கா காதுல விழுற மாதிரியே, "தாராளமாத் தரலாம். ஆனா ஒண்ணு கெடக்க ஒண்ணுன்னா வீட்டுல வச்சு உசுரு போயிரக் கூடாது, பாத்துக்கோங்க"ன்னாரு. எனக்கு அவமானமாப் போச்சு.

அக்கா நிதானமாக் கேட்டாக: "அதுக்கும் ஒரு மாசம் முன்னாடியே சொல்லணுமாய்யா?"

இல்லாத தம்பி மகன்

அடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல. வாசப்படியே கிடையாது, அக்காவுக்குன்னே கட்டுன வீடு. ஓனர் சம்சாரம், "கூட யாரு இருப்பா?"ன்னு கேட்டதும், "தம்பி மகன் வாரான்"னு சட்டுன்னு ஒரு புளுகை விட்டேன். புரோக்கர் வாய், என்ன செய்ய! சாவி கைக்கு வந்துருச்சு. தெருமுக்கு வரைக்கும் வந்த அக்கா, திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிச் சாவியைக் குடுத்துட்டாக.

பஸ்ஸுல எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். "ஏன்க்கா இப்படிப் பண்ணீக?"ன்னு எரிஞ்சு விழுந்தேன். ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னாக: "அப்படி ஒருத்தன் இருந்தா நல்லாத்தான இருக்கும்னு தோணிப்போச்சுப்பா. பொறவு தெனமும் அவனைத் தேடிக்கிட்டுல்ல கெடப்பேன்?"

மோட்டார் சுவிட்ச்

மூணாவதும் அதே ஊர்தான். மாடியில ஓனர் அம்மா, அக்கா வயசு, அவுகளும் ஒத்தை ஆள். தண்ணி மோட்டார் சுவிட்ச் இருக்கிறது கீழ்வீட்டுல. "காலையில ஆறு மணிக்கு மோட்டார் ஓடணும். சத்தம் கேக்கலைன்னா, உங்களுக்கு என்னமோ ஏதோன்னு நான் இறங்கி வந்துருவேன்"ன்னாக. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்பாடா, முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

அக்கா சாவியை வாங்கல. மாடிப்படியை அண்ணாந்து பார்த்துட்டுக் கேட்டாக: "உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எப்படிம்மா ஏறி வருவேன்?"

"அதைப் பொறவு பாத்துக்கிடலாம்"னு ஓனர் அம்மா சாவியை அக்கா கையில வச்சாக. இப்ப அக்கா குடிபோயாச்சு, மோட்டாரும் தெனமும் ஓடுது. ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் குடுக்கிற நான் குடியிருக்கிறது வாடகைக்கு, ஒத்தை ஆளா, மூணாவது மாடியில.