ஓனிக்கு வேண்டிய பெரிய சொல்

மூடியைத் தூக்கும்போது "ஹ்யூமானிட்டி". வெந்த சுராபி அப்பத்தை நெம்பி எடுத்து வாழையிலைத் துண்டில் போடும்போது "டாலரன்ஸ்". அடுத்த கரண்டி மாவு மண்சட்டியில் விழுந்து ஓரம் சுருங்குகிறவரை ஓனி அதே சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருப்பார். விடியற்காலையில் பசியோடு வரிசையில் நிற்கும் எங்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தாம், இந்த அம்மாள் யாரோடு பேசுகிறார் என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள்.

பாண்டுங் நகரத்தில், ஆசிய ஆப்பிரிக்கச் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது எங்கள் சந்து. அதன் வாயில்தான் ஓனியின் கடை. கடை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. மூன்று கரியடுப்பு, நாலைந்து சட்டி, ஒரு பெஞ்சு, மேலே தார்ப்பாய், அவ்வளவுதான். ஆள் குள்ளம், குரல் ஆறடி. ஊரில் எல்லாருக்கும் அவர் 'சேயு', அதாவது அக்கா. பல் போன கிழவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நாம் என்ன தின்ன வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். "நேத்து வெல்லப்பாகு ஊத்தித் தின்னீங்கல்ல? இன்னிக்கு உறைப்புதான். பேசாம உக்காருங்க." எதிர்த்துப் பேசினால் மிளகாய் கூடும்.

அந்தச் சொற்கள் வருவது கைபேசியிலிருந்து. தேங்காய்ப்பால் குண்டானில் அதைச் சாய்த்து வைத்திருப்பார். ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளெல்லாம் எங்கள் ஊரில் கூடி, உலகம் சண்டையில்லாமல் பிழைக்க வழியுண்டா என்று பேசியபோது, எங்கள் நாட்டின் அன்றைய அதிபர் ஆங்கிலத்தில் ஆற்றிய தொடக்க உரைதான் அது. அதில் ஒரு வரி ஓடவிடுவார், நிறுத்துவார், அதிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கிக்கொள்வார். மறுநாள் சாலைக்கு அந்தப்புறம் போய், மாநாட்டுக் கட்டடத்தில் சுற்றிக்காட்டும் பெண்ணிடம் அர்த்தம் கேட்டு வருவார். கூலி, இரண்டு சுராபி.

ஆங்கிலம் படிக்க வேறு வழியா இல்லை? சின்னப் பிள்ளைகளுக்கான பாடங்கள் கைபேசியில் கொட்டிக் கிடக்கின்றனவே என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"வெள்ளக்காரன் பேசுற இங்கிலீசு ஈரச் சோப்பு தம்பி, கையில நிக்கல. இவரு பேசுறது நம்ம ஊரு ஷேர் வண்டி மாதிரி. ஒவ்வொரு முக்குலயும் நின்னு ஆளை ஏத்திக்கிட்டுப் போவுது. நானும் தொத்திக்கலாம்ல?"

தொத்திக்கொண்ட சொற்களை அவர் சும்மா வைத்திருப்பதில்லை. வரிசையில் முண்டியடித்து முன்னால் வந்தவனைப் பார்த்து "கொலோனியலிசம்!" என்று கரண்டியை நீட்டினார். அவன் என்ன புரிந்துகொண்டானோ, கடைசிக்குப் போய் நின்றான். எதிரே ஓடி என்பவர் கோழிக் கஞ்சி விற்கிறார். கஞ்சியைக் கலக்கித் தின்பதா, கலக்காமல் தின்பதா என்று அவர் பெஞ்சில் தினம் ஒரு யுத்தம் நடக்கும். எங்கள் ஊரில் அண்ணன் தம்பிகளே இந்த விஷயத்தில் எதிரிகள். சத்தம் கூடினால் இங்கேயிருந்து ஓனி "கோ-எக்ஸிஸ்டன்ஸ்!" என்று ஒரு அதட்டல் போடுவார்.

ஓடிக்குத் தலைவலி. "இந்தம்மா சுராபி விக்குதா, ஐ.நா. சபை நடத்துதா?"

"ரெண்டுந்தான். ஒங் கஞ்சியில கோழிய எப்பக் கண்ணுல காட்டுவ, அதச் சொல்லு மொதல்ல."

இவ்வளவு வேடிக்கையாக இருக்கிறதே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த மனுஷி பொழுதுபோகாமல் ஆங்கிலம் படிக்கவில்லை.

ஓனிக்கு ஒரே மகள், இமாஸ். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகர மருத்துவமனையில் தாதி. அங்கே கூட வேலை பார்த்த இஸ்ஸாவைக் கட்டிக்கொண்டாள். கானா நாட்டுக்காரர், நல்ல உயரம், நல்ல கறுப்பு, தொழுகை தவறாதவர். கல்யாணம் இந்தச் சந்தில்தான் நடந்தது. எங்கள் கல்யாணங்களில் கதவு திறக்கும் சடங்கு உண்டு. மாப்பிள்ளை வாசலில் நிற்பார், பெண் சாத்திய கதவுக்கு உள்ளே. வெளியிலிருந்து பாட்டாகக் கெஞ்சுவார்கள், உள்ளிருந்து பாட்டாகக் கேலி பறக்கும். மாப்பிள்ளை கோபிக்கக் கூடாது. கோபித்தால் கேலி இரட்டிப்பாகும்.

பாட வந்தவளிடமிருந்து மைக்கைப் பிடுங்கி ஓனி கேட்டார்: "மாப்ள கையில வெளக்கு இருக்கா பாருங்கடி! இருட்டு எது, ஆளு எதுன்னு தெரியல. யாருக்குன்னு கதவத் தொறக்குறது?"

உச்சி வெயில் நேரம் அது. சந்தே குலுங்கிச் சிரித்தது. இஸ்ஸாவுக்கு எங்கள் மொழியில் ஒரு சொல் தெரியாது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவரும் நெஞ்சில் கைவைத்து, பல் தெரிய, எங்களோடு சேர்ந்து சிரித்தார். கதவு திறந்தபோது இமாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பிப் போகிற விமானத்தில் இஸ்ஸா கேட்டுக்கொண்டே போனாராம், உங்கம்மா என்னமோ நல்ல வேடிக்கை சொன்னாரே, அதை எனக்கும் சொல்லேன் என்று. இமாஸ் சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவள் ஊருக்கு வரவில்லை. மாதம் ஒரு முறை கூப்பிட்டு, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவாள். மாப்பிள்ளை முகம் திரையில் வந்ததே கிடையாது. ஒருநாள் ஓனி அழுது கேட்டதற்கு வந்த பதிலை அவரே என்னிடம் சொன்னார்.

"'எங்கிட்ட அழுது என்னம்மா ஆவப்போவுது? அவருகிட்டப் பேசு. அவருக்குப் புரியுற பாஷையில பேசு. நடுவுல நின்னு நான் மொழி மாத்திச் சொல்ல மாட்டேன். ஒருவாட்டி சொன்னேன், அந்த ஒண்ணு போதும்'னுட்டா தம்பி."

அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தார். "வழக்கமாப் பண்றதுதான். குட்டையா இருந்தா குட்டைங்கிறோம், வழுக்கைன்னா வழுக்கைங்கிறோம். அப்டி வாயில வந்துருச்சு. அவரு கோவிச்சிருந்தாக்கூட நான் சண்டை போட்டுட்டு மறந்திருப்பேன். சிரிச்சாரே! அந்தச் சிரிப்புதான் தொண்டையில முள்ளா நிக்குது."

"அதுக்கு எதுக்கு சேயு அம்மாம் பெரிய பேச்சு? 'சாரி'ன்னு ஒரு சொல்லுதான். எல்லாருக்கும் தெரியுமே," என்றேன்.

என்னை அவர் பார்த்த பார்வையில் அடுப்பு தேவைப்படாமல் சுராபி வெந்திருக்கும். "பஸ்ஸுல காலை மிதிச்சிட்டுச் சொல்ற சொல்லு அது. பெரிய தப்புக்குப் பெரிய சொல்லு வேணும். நாடு நாடா அடிச்சிக்கிட்டவங்களையே ஒக்காரவச்சுப் பேசுன பேச்சு இது. இதுல இல்லாமலா போயிடும்?"

அந்த உரையில், நம் தோலின் நிறம்கூட வேறுவேறுதான், அதனால் என்ன என்பதுபோல ஓர் இடம் வரும். அது வந்தால் மட்டும் கைபேசியைக் கையில் எடுத்துக் காதோடு ஒட்டிக்கொள்வார். அந்த நேரத்தில் யாரும் கூடுதலாக ஒரு சுராபி கேட்பதில்லை. எங்களுக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு.

ஆனால் மாதக்கணக்கில் தேடியும் அவருக்கு வேண்டிய சொல் அகப்படவில்லை. சமாதானம் கிடைத்தது, ஒற்றுமை கிடைத்தது, பயம்கூடக் கிடைத்தது. தப்புப் பண்ணியவள் சொல்ல வேண்டியது கிடைக்கவில்லை. "அம்மாம் பேரு கூடியிருந்தாங்க, ஒருத்தரும் மாமியாரு இல்ல போல," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை, மாநாட்டு நினைவு நாளுக்காகச் சாலை முழுக்க நாடுகளின் கொடிகளை நட்டுக்கொண்டிருந்த காலை. ஓனி விசேஷ நாளுக்கான பட்டுக் கெபாயாச் சட்டை உடுத்திக்கொண்டு அடுப்படியில் நின்றார். கரிப்புகையில் பட்டு! கேட்டதற்கு, "போன்ல வரச் சொல்லிட்டேன். இன்னிக்கு மாப்ளகிட்டப் பேசுறேன்," என்றார். மாவு சட்டிக்கு வெளியே சிந்தியது. வரிசை கலையவில்லை. எதிரே ஓடி தன் கஞ்சிக் கட்சிக்காரர்களைக் கையமர்த்தினார்.

கைபேசி அடித்தது. இமாஸ் முகம் தெரிந்தது. "அவருகிட்டக் குடுக்குறேன்மா," என்றாள். பிறகு இஸ்ஸா. தாடியில் லேசாக வெள்ளை விழுந்திருந்தது.

ஓனி நிமிர்ந்து நின்று தொடங்கினார். ஒரு பேச்சை எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்தது ஒரே விதம்தான், அந்த அதிபர் தொடங்கிய விதம். "சிஸ்டர்ஸ் அண்ட் பிரதர்ஸ்..."

இஸ்ஸா சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. பெரியவர் ஒருவர் பேசும்போது மரியாதைக்காகச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. நெஞ்சில் கை போயிற்று, பல் தெரிந்தது.

"நோ!" ஓனியின் குரல் சந்தின் மறுமுனை வரை கேட்டது. "யூ... நோ லாஃப்." பிறகு எங்கள் மொழியிலேயே, யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்தே, "சிரிக்காதீங்க மாப்ள. அன்னிக்குச் சிரிச்சது போதும். சிரிக்காதீங்க," என்றார். அதன் பிறகு ஹ்யூமானிட்டி, டாலரன்ஸ், பீஸ் என்று படித்த சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முன்னும் இல்லை, பின்னும் இல்லை, சேர்த்துக் கட்ட நார் இல்லை. கடைசியில் அவையும் தீர்ந்துபோயின.

திரையில் இஸ்ஸா சிரிப்பை நிறுத்தியிருந்தார். அடுப்பில் சுராபி தீயும் வாசம் வந்தது.

நோன்புப் பெருநாள் அன்று எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பெற்றவர்கள் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். பெரியவர்கள் சின்னவர்கள் முன்னால் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. ஓனி கைபேசியைப் பெஞ்சின் மேல் நிறுத்தி வைத்தார். பட்டோடு அந்தக் கரித்தரையில் மண்டியிட்டார். கூப்பிய விரல்களின் நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு, நெற்றி பெஞ்சைத் தொடுகிறவரை குனிந்தார்.